எது கூட, எது குறைச்சல்?

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டுக் கடிதம் வந்தது. விடுதி நினைவுகளை எழுதப் பலர் இருப்பார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதாத பழைய மாணவர் மலர் எங்காவது உண்டா? அந்தப் பெரும் பொறுப்பை மற்ற நண்பர்களிடம் விட்டுவிட்டு, நான் ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு "இதில் எது அதிகம், எது குறைவு?" என்று சொல்லித் தருகிற விஷயம்.

"இதுக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரையா?" என்று சிரிக்க வேண்டாம். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். சிரித்த இடம் நம் கல்லூரிதான்.

1967இல் புகுமுக வகுப்பு முடித்து பி.எஸ்ஸி. கணிதத்தில் சேர்ந்தோம். முதல் வாரமே எங்கள் பேராசிரியர் போர்டில் ஒரு விதியை எழுதினார். எந்த இரண்டு எண்களை எடுத்தாலும் முதலாவது பெரியதாக இருக்கும், அல்லது சிறியதாக இருக்கும், அல்லது இரண்டும் சமமாக இருக்கும். இந்த மூன்றில் ஒன்று, ஒன்றே ஒன்றுதான் உண்மை. முப்பிரிவு விதி என்று அதற்குப் பெயர். கடைசி பெஞ்சில் நாங்கள் நாலு பேர் கொல்லென்று சிரித்துவிட்டோம். இதுகூடவா ஒரு விதி! இதைப் படிக்கத்தான் காலேஜுக்கு வந்தோமா!

பேராசிரியர் கோபிக்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சிரிங்கப்பா, சிரிங்க. ஆனா ஒண்ணு, இதை ஒரு அஞ்சு வயசுக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்துப் பாருங்க. அப்புறம் வந்து சிரிங்க."

முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேலாக வாத்தியார் வேலை பார்த்துவிட்டேன். இன்னும் போய்ச் சிரிக்கவில்லை.

களத்து மேட்டுப் பாடம்

எனக்கு இந்தப் பாடத்தை முதலில் நடத்தியவர் என் பாட்டி. கீழத்தஞ்சையில் நெல் அறுத்துப் பிழைத்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அறுவடைக்குப் பிறகு களத்தில் கூலி நெல் அளப்பார்கள். அளக்கிறவர் "ஒன்று" என்று தொடங்க மாட்டார். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவார். அப்படித் தொடங்குவதுதான் மங்கலம். எண் வரிசையே லாபத்தில் தொடங்குகிறது என்று நான் பல நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் "லாபம், ரெண்டு" என்று சொல்லிக் குட்டு வாங்கியதும் நினைவிருக்கிறது.

ஒவ்வொரு மரக்கால் விழும்போதும் பாட்டி ஒரு புளியங்கொட்டையை மடியில் போட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் ஒரு முத்திரைப் படியை எடுத்து அந்த நெல்லைத் திரும்ப அளப்பார். மரக்காலுக்கு எட்டுப் படி இருக்க வேண்டும். எட்டுப் படிக்கு ஒரு கொட்டையை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே வருவார். நெல் தீர்ந்த பிறகும் மடியில் கொட்டை மிச்சம் இருந்தால் அன்றைக்குக் கூலி குறைந்துவிட்டது என்று அர்த்தம். பல நாள் மிச்சம் இருக்கத்தான் செய்தது.

"பாட்டி, உனக்குத்தான் எண்ணத் தெரியாதே, எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டேன். "எண்ணத் தெரியாட்டி என்னடா தம்பி? ஒண்ணுக்கு ஒண்ணு வச்சுப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போவுது. அளக்குறவன் வாயைப் பாக்காதே, கையைப் பாரு" என்றார்.

கையைப் பார்க்கச் சொன்னதில் விஷயம் இருந்தது. ஒரே மரக்காலில் நெல்லைக் கோபுரமாகக் குவித்தும் அளக்கலாம். தலையை வழித்தும் அளக்கலாம். குலுக்கி அமுக்கினால் கூடப் பிடிக்கும். மேலாகச் சரித்துவிட்டால் குறையப் பிடிக்கும். போதாததற்கு, வாங்குகிற மரக்கால் ஒன்று, கொடுக்கிற மரக்கால் ஒன்று என்று இரண்டு வைத்திருந்தவர்களும் உண்டு. 1940களில் கீழத்தஞ்சையில் எழுந்த விவசாயத் தொழிலாளர் இயக்கம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகக் குரல் கொடுத்தது நமக்குத் தெரியும். முத்திரையிட்ட மரக்காலால்தான் கூலி அளக்க வேண்டும் என்ற கோரிக்கையும் அதே இயக்கத்தில் எழுந்தது. "எது கூட, எது குறைச்சல்" என்ற ஒன்றாம் வகுப்புப் பாடத்துக்காகப் பெரியவர்கள் போராட வேண்டியிருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

அரசனும் ஒப்பிட்டுத்தான் அளந்தான்

இது ஏதோ ஏழைகளின் கவலை மட்டும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். சுவரில் உள்ள முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைக் கொஞ்சம் படித்துப் பார்த்தால் ஒரு சுவையான செய்தி கிடைக்கும். கோயிலுக்கு வரும் நெல்லை "ஆடவல்லான்" என்ற பெயருடைய மரக்காலால் அளக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதோடு விடவில்லை. அந்த மரக்கால் "இராஜகேசரி" என்ற அளவுக்குச் சமமானது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. பேரரசன் கட்டிய கோயிலிலும் ஓர் அளவை இன்னோர் அளவோடு வைத்துப் பார்த்து, "இது அதற்குச் சமம்" என்று கல்லில் வெட்டினால்தான் நம்பிக்கை. என் பாட்டி முத்திரைப் படியை வைத்துக்கொண்டு செய்ததும் இதே காரியம்தான்.

திண்ணையில் என்ன நடந்தது?

இந்த அறிவு பள்ளிக்கூடத்துக்குள் எப்படி நுழைந்தது? நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எழுத்துக்குச் சமமான இடம் கணக்குக்கு இருந்தது. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். பெயர்களைக் கவனியுங்கள். பொன்னை நிறுக்க ஒன்று, நெல்லை அளக்க ஒன்று, நிலத்தை அளக்க ஒன்று. எண் தனியாக வானத்தில் தொங்கவில்லை. ஏதாவது ஒரு பொருளின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

நெல்லிலக்கத்தின் வாய்பாட்டைப் பாருங்கள். 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. மரக்கால் என்பதும் இதுவே. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். ஒரு நாழிக்கு 14,400 நெல் என்று கணக்கு வருகிறது. இதில் ஐந்தும் மூன்றும் எட்டும் வந்தாலும், நடுவில் இரண்டு இரண்டாகத்தான் ஏறுகிறது. அந்த இடங்களில் சிறிய பாத்திரத்தை இரண்டு தடவை கவிழ்த்தால் பெரிய பாத்திரம் நிரம்பிவிடும். அடுப்படியில் ஆழாக்கும் உழக்கும் வைத்து அரிசி அளந்த வீட்டுக் குழந்தைக்கு இது கண்ணால் பார்த்த செய்தி.

பின்னத்தில் இன்னும் அழகு. இன்றைக்கும் ஆறாம் வகுப்பில் 1/8 பெரிசா, 1/4 பெரிசா என்று கேட்டால் பாதி வகுப்பு 1/8 என்று கை தூக்கும். எட்டு நாலை விடப் பெரிசு இல்லையா! அதையே தமிழில் கேட்டுப் பாருங்கள். 1/4 கால். 1/8 அரைக்கால். காலில் அரை என்று பெயரே சொல்லிவிடுகிறது. அது காலை விடப் பெரிதாக இருக்க முடியுமா? 1/80 காணி, 1/160 அரைக்காணி. அதிலும் பாதி, 1/320, முந்திரி. ஒப்பீடு சொல்லுக்குள்ளேயே இருந்தது. நாம் "எட்டில் ஒன்று" என்று மாற்றிக்கொண்டோம், அதில் தப்பில்லை. ஆனால் பழைய பெயரையும் ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடுகிறது. இது நான் கைகண்ட வைத்தியம்.

திண்ணையில் இன்னொரு பாடமும் நடந்தது. அது பிள்ளைகளின் உள்ளங்கையில் நடந்தது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெல்லாரியில் கலெக்டராக இருந்த கேம்பெல் 1823இல் எழுதிய அறிக்கையில் அதை விவரித்திருக்கிறார். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் கௌரவத்துக்காக சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவது வருபவனுக்கு ஒரு சுழி, அதாவது பூஜ்யம். பாராட்டும் இல்லை, தண்டனையும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி. நாலாமவனுக்கு இரண்டு. அப்புறம் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொன்று கூட. முன்னால் வந்தவனை விட எனக்கு ஒன்று அதிகம் என்பதை எந்தப் பிள்ளையும் மறந்திருக்க மாட்டான்! இந்த முறையை நான் சிபாரிசு செய்யவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் "அடுத்த எண் என்றால் ஒன்று கூட" என்ற கருத்தை இதைவிட அழுத்தமாகச் சொல்லிக்கொடுத்த பாடம் இருக்க முடியாது.

அதே கேம்பெல், மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையைப் பாராட்டி, அதை இங்கிலாந்து பின்பற்றியது தகும் என்றும் எழுதினார். அதற்குக் காரணமானவர் ஆண்ட்ரூ பெல். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளியை நடத்தியவர். இங்கே திண்ணைப் பள்ளியில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரோடு அது அங்கே பரவியது.

பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொண்டால் நாம் வரலாறு படித்தவர்கள் ஆக மாட்டோம். 1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகள்; 1,88,650 மாணவர்கள். மக்கள் தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம். அதாவது சுமார் 68 பேருக்கு ஒருவர். வீட்டிலேயே படித்தவர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும் என்று அவரே சொல்கிறார். இருந்தாலும் பெண் குழந்தைகள் மிகச் சொற்பம். நெல்லை விதைத்து அறுத்தவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமில்லை. நெல்லிலக்கம் தெரிந்தவர் மரக்காலைப் பிடித்தார். தெரியாதவர் கூடையைப் பிடித்தார். அளவு குறைந்தது எங்கே என்று கேட்டால் நான் மரக்காலை மட்டும் காட்ட மாட்டேன். அந்தத் திண்ணையையும் காட்டுவேன்.

குறி வந்தது, பொருள் போனது

பிறகு புதுப் பள்ளிக்கூடங்கள் வந்தன. கதவு மெல்ல மெல்ல எல்லோருக்கும் திறந்தது. என்னைப் போன்றவன் கல்லூரி வரை வந்ததே அதனால்தான். அதற்கு என்றும் நன்றி. ஆனால் கூடவே ஒரு மாற்றமும் வந்தது. மணலும் நெல்லும் போய் சிலேட்டும் குறியும் வந்தன.

நாம் போடுகிற சமக்குறி 1557இல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டு அறிஞர் அச்சில் கொண்டுவந்தது. இணையாக ஓடும் இரண்டு கோடுகளை விடச் சமமான இரண்டு பொருள் வேறில்லை என்பது அவர் சொன்ன காரணம். பெரிது, சிறிது என்ற குறிகள் அச்சில் வந்தது 1631இல். தாமஸ் ஹாரியட் இறந்து பத்து ஆண்டு கழித்து வெளியான அவருடைய நூலில். ஆக, படித்த பெரியவர்களே சமக்குறியிலிருந்து பெரிது, சிறிது குறிகளுக்குப் போக எழுபத்து நான்கு ஆண்டு எடுத்துக்கொண்டார்கள். நாம் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு மூன்றையும் ஒரே வாரத்தில் கொடுத்துவிடுகிறோம்!

என் பள்ளிப் பருவத்தில் அளவுகளே மாறின. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா என்பது 100 நயா பைசா ஆயிற்று. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? எனவே மாற்றுப் பட்டியலில் ஓர் அணாவுக்கு 6, நாலணாவுக்கு 25 என்று போட்டிருந்தது. ஓரணாச் சாமானை நாலு தடவை தனித்தனியாக வாங்கினால் 24. ஒரே தடவையில் வாங்கினால் 25. இதை முதலில் கண்டுபிடித்தது எங்கள் தெருப் பிள்ளைகள்தான். மிட்டாய் விஷயத்தில் எந்தக் குழந்தையும் ஒப்பீட்டில் தோற்பதில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி 1958 முதல் படிப்படியாக கிலோவும் லிட்டரும் வந்தன. படியும் மரக்காலும் மெல்ல விடைபெற்றன.

அடையாறும் ஜெனீவாவும்

குழந்தையின் கையில் மறுபடி பொருளைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் ஊருக்கே வந்தார். மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னை அடையாறில் பிரம்ம ஞான சபைக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அவருடைய எண் கோல்கள் பத்து. சின்னது 10 சென்டிமீட்டர், பெரியது ஒரு மீட்டர். ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி வர்ணம். குழந்தை ஐந்தாம் கோலையும் ஆறாம் கோலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். எது நீளம் என்பதோடு, எவ்வளவு நீளம் என்பதும் தெரிந்துவிடும். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஜெனீவாவில் ழான் பியாஜே, அலினா செமின்ஸ்காவோடு சேர்ந்து 1941இல் குழந்தையின் எண்ணறிவு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் செய்து பார்த்தது எளிய சோதனை. இரண்டு வரிசையில் சமமாகப் பொருள்களை வைப்பது. குழந்தை "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லும். பிறகு ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பி, "இப்ப எது அதிகம்?" என்று கேட்பது. நாலைந்து வயதுக் குழந்தைகள் பரப்பிய வரிசையைக் காட்டின. கண்ணுக்கு நீளமாகத் தெரிவது அதிகம் என்று எண்ணிக்கொள்கின்றன. அகலக் கிளாஸில் உள்ளதை ஒல்லிக் கிளாஸில் ஊற்றினாலும் இதே கதை. உயரமாக நிற்பது அதிகம்.

இது பல காலம் வேதவாக்காக இருந்தது. 1974இல் ஜேம்ஸ் மெக்கேரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற இருவர் ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். வரிசையைப் பெரியவர் கலைப்பதற்குப் பதிலாக ஒரு குறும்புக் கரடிப் பொம்மை வந்து கலைத்துவிட்டுப் போனது. இப்போது நிறையக் குழந்தைகள் சரியாகப் பதில் சொன்னார்கள்! பெரியவர் ஒரு பொருளை மாற்றிவைத்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், "முதல்ல சொன்னது தப்பு போலிருக்கு" என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று நாம் கேட்டவுடன் சரியான பதிலை மாற்றிக்கொண்ட பிள்ளைகள் எத்தனை பேர்! நாமும் வைவாவில் மாற்றிக்கொண்டவர்கள்தானே?

முதலை வாயும் பூ முழமும்

நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தியவன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் காலை வேளையில் போய் உட்காருவேன். பெரிது, சிறிது குறியை முதலை வாய் என்று சொல்லிக் கொடுத்தேன். "முதலைக்கு நல்ல பசி. எப்பவும் பெரிசைத்தான் திங்கும்." வகுப்பு ஒரே குஷி. எல்லாரும் பல் வரைந்து, கண் வைத்து, பத்துக்குப் பத்து வாங்கினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு ஒரு நாள் மேஜையில் புளியங்கொட்டையை இரண்டாகப் பிரித்து வைத்தேன். ஒரு பக்கம் 12, பரப்பி வைத்தது. இன்னொரு பக்கம் 15, நெருக்கி வைத்தது. முதலையை அழகாக வரைந்த ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, "எது அதிகம்?" என்றேன். 12ஐக் காட்டினாள். குறி போடத் தெரிகிறது, எது கூட என்று தெரியவில்லை! நான் கற்றுக்கொடுத்தது கணக்கை அல்ல, முதலையை.

அவள் அம்மா பூக் கட்டி விற்பவர். சும்மா பேச்சுக் கொடுத்தேன். "நீயும் பூ அளப்பியா?" என்றேன். "அளப்பேன் சார். ஆனா என் முழத்துக்கு அளந்தா அம்மா வையும். என் முழம் சின்னது. அம்மா அஞ்சு முழம்னா எனக்கு ஏழு முழம் வரும்" என்றாள். நான் அசந்துபோனேன். அளவுகோல் சின்னதானால் எண்ணிக்கை கூடும் என்பது சுலபமான கருத்து இல்லை. அதைத் தன் கையால் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அவளை ஒப்பிடத் தெரியாதவள் என்று நான் ஒரு நிமிஷம் நினைத்தேன் பாருங்கள்!

மறுநாள் புளியங்கொட்டைகளை ஒன்றுக்கு ஒன்று ஜோடியாக வைக்கச் சொன்னேன். பன்னிரண்டு ஜோடி சேர்ந்தது; மூன்று மிஞ்சியது. "இந்தப் பக்கம் கூட சார். மூணு கூட" என்றாள். நான் கேட்காமலே "மூணு" என்றும் சொன்னாள். எனக்குப் பாட்டியின் மடி ஞாபகம் வந்தது.

அந்த வகுப்பில் இன்னும் இரண்டு பாடம் கற்றேன். ஒன்று, 19ஐயும் 21ஐயும் கொடுத்தால் சில பிள்ளைகள் 19 பெரிசு என்றார்கள். ஒன்பது பெரிய எண்ணாச்சே! நம் பழைய தமிழ் எண்களில் பத்துக்கே தனிக் குறி உண்டு. 19 என்பது ௰௯, 21 என்பது ௨௰௧. இரண்டு பத்து இருப்பது கண்ணுக்கே தெரிகிறது. இன்றைய முறையில் அந்தப் பத்து இடத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கையில் கொடுக்காமல் அதை வெளியே கொண்டுவர முடியாது.

இன்னொன்று, தமிழுக்கே உரிய சிக்கல். "தொண்ணூறு பெரிசா, நூறு பெரிசா?" என்று கேட்டேன். ஒரு பையன் "தொண்ணூறுதான் சார். அதுலதான் நூறோட இன்னும் ஏதோ இருக்கே" என்றான். அவன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. எண்பது வரை "பது" என்று வந்துகொண்டிருந்த பெயர், தொண்ணூறில் திடீரென்று "நூறு" ஆகிவிடுகிறது. தொள்ளாயிரத்திலும் அப்படியே ஆயிரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தப்பு பையனிடம் இல்லை. அந்த இடம் வழுக்கும் என்று தெரிந்து, அங்கே கொஞ்சம் நின்று கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியது வாத்தியார் கடமை.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

நம் மாநிலத்தில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவியது. குழந்தைகள் தரையில் உட்கார்ந்து அட்டையும் மணியும் வைத்துக் கற்றார்கள். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட, 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை "எண்ணும் எழுத்தும்" திட்டம் தொடங்கியது. பெயரில் எண் முன்னால் நிற்பதைப் பார்த்து நான் தனியாகச் சந்தோஷப்பட்டேன்.

திட்டங்கள் வரும், போகும். கை மட்டும் மாறுவதில்லை. பி.எட். படிக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு என் அனுபவத்தில் மூன்று சொல்கிறேன். குறியைக் கடைசியில் கொடுங்கள்; முதலில் பொருளைக் கொடுத்து ஒன்றுக்கு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். "எது அதிகம்?" என்பதோடு நிறுத்தாமல் "எவ்வளவு அதிகம்?" என்றும் கேளுங்கள். குழந்தை வீட்டில் எதை அளக்கிறது, எதை எண்ணுகிறது என்று விசாரியுங்கள்; பாதிப் பாடம் அங்கேயே நடந்து முடிந்திருக்கும்.

வாத்தியார் ஆகாதவர்களுக்கும் ஒன்று உண்டு. நம்மில் பலர் அதிகாரிகளாக, வியாபாரிகளாக, வங்கியில் பெரிய பதவிகளில் இருந்திருக்கிறோம். அதாவது மரக்காலைப் பிடிக்கிற பக்கத்துக்கு வந்துவிட்டோம். எதிரில் கூடையோடு நிற்பவருக்குக் கணக்குத் தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். அவர் மடியில் புளியங்கொட்டை இருக்கும்.

பேராசிரியர் இன்று நம்மிடையே இல்லை. இருந்திருந்தால் இந்தச் சந்திப்பில் அவர் முன்னால் போய் நின்று, "சார், சொல்லிக் கொடுத்துப் பார்த்துட்டேன், உங்க முப்பிரிவு விதி லேசான விதி இல்லை" என்று சொல்லியிருப்பேன். பாட்டியின் முத்திரைப் படி என்னிடம் இருக்கிறது. சந்திப்பு நாளன்று எடுத்து வருகிறேன். கணிதத் துறை நண்பர்கள் அதில் எத்தனை நெல் பிடிக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். 14,400க்குக் கூடவா, குறைச்சலா, சமமா? மூன்றில் ஒன்றுதான் இருக்க முடியும்.

 

— பழைய மாணவன், பி.எஸ்ஸி. கணிதம் (1967–70)